இரு கொடிகளின் கீழ் ஓர் இருப்புப்பாதை

ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து வரும் செய்திகளுள் ஒருவகைச் செய்தி அடிக்கடி கண்ணிற்படுகிறது. கடற்கரை இல்லாத ஒரு நாடு தன் சரக்கை எந்த அண்டை நாட்டுத் துறைமுகத்தின் வழியாக அனுப்புவது என்று தயங்கி நிற்கிறது. அதன் சரக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள இரண்டு கடற்கரை நாடுகள் போட்டி போட்டுக்கொண்டு இருப்புப்பாதை இடுகின்றன. எல்லையில் சுங்கச்சாவடி மூடப்படுகிறது. சரக்கு வண்டிகள் நாட்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. இவற்றைப் படிக்கும் நமக்கு, இது எங்கோ தொலைவில் நடக்கும் கதை என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் புதுச்சேரி நகரில் வாழ்கிறவர்கள் அப்படி எண்ணுவதற்கு இடமில்லை. துறைமுகத்திற்கும் இருப்புப்பாதைக்கும் சுங்கச்சாவடிக்கும் இடையே நடந்த வணிகப் போட்டியின் வரலாறு நம் கடற்கரையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதனை ஓரளவு முறையாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறைமுகம் இல்லாத துறைமுகம்

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் என்று ஒன்று இருந்ததில்லை. 1674 இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வணிகத்தை நிலைநாட்டியபோதும், அதன் பின்னர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளும், கப்பல்கள் கரையிலிருந்து விலகித் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டு நின்றன. ஆணியே அறையாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய சலங்குகளே கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கைச் சுமந்தன. அலை மோதும்போது ஆணி அடித்த படகு உடைந்துபோகும்; தைத்த படகோ வளைந்துகொடுத்துத் தப்பிக்கும். கரையோரக் குப்பங்களில் வாழ்ந்த மக்களின் கைத்திறனும் துணிவும்தான் அந்நாளைய துறைமுகம் எனலாம். சலங்கு என்ற தமிழ்ச் சொல்லையே பிரெஞ்சுக்காரர் தம் மொழியில் 'ஷெலேங்' என்று வழங்கினர்.

இக்குறை புதுச்சேரிக்கு மட்டும் உரியதன்று. சென்னையும் அப்படியே திறந்த கடலைப் பார்த்து நின்ற நகரந்தான். அங்கும் அதே வகைப் படகுகள், அதே அலைகள். ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்விரு நகரங்களும் இயற்கை வசதியில் ஏறத்தாழச் சமநிலையில் இருந்தன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பின்னாளில் ஒன்று வளர்ந்து மற்றொன்று தேய்ந்ததற்குக் கடலைக் குறைகூற முடியாது.

அந்நூற்றாண்டின் போட்டி வாளால் நடந்த போட்டி. 1746 இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749 இல் திருப்பிக் கொடுத்தனர். 1761 இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றிக் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். 1778, 1793 ஆகிய ஆண்டுகளில் நகரம் மீண்டும் கைமாறியது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்பவர்கள், அக்காலத்தில் துணி மூட்டைகளின் விலையும் பீரங்கிகளின் முழக்கமும் ஒரே பக்கத்தில் இடம்பெறுவதைக் காண்பார்கள். வணிகத்தையும் போரையும் தனித்தனியே பிரிக்க முடியாத காலம் அது.

வாளுக்குப் பின் ஒப்பந்தம்

1814 ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கை இந்நிலையை மாற்றியது. பிரான்சுக்கு அதன் இந்தியக் குடியேற்றங்கள் திருப்பித் தரப்பட்டன. 1816 இல் புதுச்சேரி கையளிக்கப்பட்டது. ஆனால் கோட்டை கட்டக் கூடாது, காவலுக்கு வேண்டிய அளவிற்கு மேல் படை வைக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். திரும்பி வந்த நிலப்பரப்பும் தொடர்ச்சியானதாக இல்லை. புதுச்சேரி, வில்லியனூர், பாகூர் என்று துண்டு துண்டாக, நடுநடுவே ஆங்கிலேயருடைய ஊர்கள் புகுந்து கிடந்தன. ஒரு கிராமத்தில் ஓர் அரசு, அடுத்த கிராமத்தில் வேறோர் அரசு. உழவனுக்கு வீடு ஓர் எல்லைக்குள்ளும் வயல் மறு எல்லைக்குள்ளும் அமைவது இத்தகைய நிலத்தில் வியப்பன்று.

இனிமேல் வாளுக்கு வேலை இல்லை, ஒப்பந்தங்களே ஆயுதங்களாயின. உப்பை எடுத்துக்கொள்வோம். சென்னை அரசின் வருவாயில் உப்பு வரிக்குப் பெரும்பங்கு உண்டு. பக்கத்திலேயே பிரெஞ்சு எல்லைக்குள் உப்பளங்கள் இருந்தால், வரியில்லாத உப்பு இரவோடிரவாக எல்லை தாண்டும் அன்றோ? ஆகவே 1815 ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி உப்பு, அபினி ஆகியவை பற்றிய உரிமைகளுக்கு ஈடாக ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாயைப் பிரெஞ்சு அரசுக்குத் தர ஆங்கிலேயர் இசைந்தனர். 1818 இல் உப்பு எடுப்பதையே நிறுத்திவிடுவதாகவும், உப்பள உடைமையாளர்களுக்கு ஆண்டுதோறும் 4,000 வராகன் இழப்பீடு தருவதாகவும் மற்றோர் ஒப்பந்தம் ஏற்பட்டது. உடைமையாளருக்கு இழப்பீடு கிடைத்தது. பாத்தியில் இறங்கி உப்பு வாரிய கூலியாளுக்கு என்ன கிடைத்தது என்பது பற்றி ஒப்பந்தம் பேசவில்லை. கடலருகே வாழ்ந்தும் உப்பை அயலாரிடம் விலைகொடுத்து வாங்கும் நிலை நம் மக்களுக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

நீலத் துணியும் செனெகல் ஆறும்

பக்கத்துச் சந்தை சுங்கச் சுவரால் மறைக்கப்பட்டபோது, புதுச்சேரி கடல் கடந்த சந்தையைத் தேடிற்று. அது ஆப்பிரிக்காவில் கிடைத்தது. அவுரிச் சாயம் தோய்த்த கருநீலப் பருத்தித் துணிக்குப் பிரெஞ்சுக்காரர் 'கினே' என்று பெயரிட்டிருந்தனர். மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகல் ஆற்றங்கரையில் பாலைநில வணிகர் கொண்டுவரும் பிசினுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது இத்துணிதான். அங்கே அது வெறும் ஆடையாக இருந்துவிடவில்லை; நாணயம்போலக் கைமாறியது. இத்தனை துணிக்கு இத்தனை பிசின் என்று ஆற்றங்கரைச் சந்தைகளில் கணக்குப் பேசப்பட்டது. நம் ஊர்ப்புற நெசவாளனும் சாயக்காரனும் தாம் ஒருநாளும் காணப்போகாத ஒரு பாலைவனத்தின் பொருளாதாரத்தைத் தங்கள் கைகளால் தாங்கி நின்றார்கள் என்பது எண்ணி மகிழத்தக்க செய்தி.

கைத்தறியின் இடத்தை நாளடைவில் ஆலைகள் பிடித்தன. 1820களின் இறுதியில் தொடங்கப்பட்ட சவானா ஆலை இவற்றுள் மூத்தது. பின்னர் கெப்ளே ஆலையும், 1898 இல் ரோடியர் ஆலை என்று மக்கள் அழைத்த ஆலையும் எழுந்தன. ஆனால் மான்செஸ்டரும் பெல்சியமும் புதுச்சேரித் துணியைப் போலவே மலிவாக நெய்து செனெகலுக்கு அனுப்பத் தொடங்கின. புதுச்சேரித் துணியைக் காக்கும் பொருட்டு 1877 இல் பிரெஞ்சு அரசு அயல்நாட்டுத் துணிக்குச் செனெகலில் கூடுதல் சுங்கம் விதித்தது. இதனால் நம் ஆலைகள் பிழைத்தன. ஆனால் துணி வாங்கிய ஆப்பிரிக்க மக்கள் கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தது. ஒரு குடியேற்றத்தின் தொழிலைக் காப்பதற்கான செலவு மற்றொரு குடியேற்றத்தின் தலைமேல் ஏற்றப்பட்டது. பாரிசில் எழுதப்பட்ட அந்தக் கணக்கில் நாமும் அவர்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைக்கப்பட்டோம். இருவரையும் யாரும் கேட்கவில்லை.

மனிதரும் சரக்கானார்கள்

இக்கடற்கரையிலிருந்து சென்றவை துணி மூட்டைகள் மட்டும் அல்ல. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848 இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் கரைகளிலிருந்து ரெயூனியோன் தீவுக்கும், கரீபியக் கடலின் மர்த்தினிக்கு, குவாதலூப்பு தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டார்கள். 1853 இல் 'ஓரெலி' என்ற கப்பல் மர்த்தினிக்கை அடைந்தது. அடுத்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று அதே கப்பல் குவாதலூப்பில் ஆள் இறக்கியது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் குவாதலூப்புக்கு 40 ஆயிரத்துக்கு மேற்பட்டோரும் மர்த்தினிக்குக்கு 25 ஆயிரம் அளவிலும் இந்தியாவிலிருந்து சென்றனர்.

சென்றவர்களிற் பலர் பிரெஞ்சுக் குடிகள் அல்லர். சூழ்ந்திருந்த ஆங்கிலேய மாவட்டங்களின் ஏழை மக்கள். தங்கள் எல்லைக்குள்ளிருந்து ஆட்கள் கசிந்து போவதை ஆங்கிலேய அரசு விரும்பவில்லை. அதன் தோட்டங்களுக்கும் ஆள் வேண்டியிருந்தது. நீண்ட பேச்சுக்குப்பின் 1861 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் ஆள் திரட்டலை முறைப்படுத்தியது. தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் குறித்து எழுந்த முறையீடுகளின் பேரில் ரெயூனியோனுக்கு ஆள் அனுப்புவது 1882 இலும், கரீபியத் தீவுகளுக்கு அனுப்புவது 1888 இலும் நிறுத்தப்பட்டன. வணிகப் போட்டியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஏற்றுமதிப் பட்டியலோடு நின்றுவிடுவது வழக்கம். சுமந்தவர்களையும் சுமக்கப்பட்டவர்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மல்லாட்டை கொண்டுவந்த இருப்புப்பாதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுச் செம்மண் நிலங்களில் ஒரு புதிய பயிர் பரவியது. மணிலாக்கொட்டை என்று நூல்களிலும் மல்லாட்டை என்று நம் வட்டாரப் பேச்சிலும் வழங்கும் நிலக்கடலையே அது. பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளும் சோப்புத் தொழிற்சாலைகளும் அதனை எவ்வளவு கிடைத்தாலும் வாங்கிக்கொள்ள ஆயத்தமாக இருந்தன. பண்ணுருட்டி, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மல்லாட்டை கடலை அடைய இரண்டு வாயில்கள் இருந்தன: ஒன்று ஆங்கிலேயரின் கடலூர், மற்றொன்று பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 22 கிலோமீட்டர்தான்.

அதே வேளையில் தென்னிந்திய ரயில்வே சென்னையிலிருந்து தெற்கே மீட்டர் பாதை இட்டுக்கொண்டு வந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்று வந்த அந்தப் பாதை, பண்ணுருட்டி, நெல்லிக்குப்பம் வழியாகத் திருப்பாதிரிப்புலியூரை அடைந்து மேலும் தெற்கே போய்விட்டது. புதுச்சேரியை அது தொடவில்லை. ஆங்கிலேயர் இட்ட பாதை ஆங்கிலேயத் துறைமுகத்தைத் தேடிச் சென்றதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இருப்புப்பாதை தொடாத துறைமுகம் அக்காலத்தில் வாடிப்போவது உறுதி.

புதுச்சேரி அப்போது வாளாவிருக்கவில்லை. 1836 இலேயே கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டிருந்தது. 1860களில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் கட்டப்பட்டது. 1877 இல் இந்தோசீன வங்கி இங்கே தன் கிளையைத் திறந்தது. எஞ்சியது இருப்புப்பாதை. அதற்கு இரண்டு அரசுகளின் இசைவும் வேண்டியிருந்தது. பேச்சின் முடிவில் 1878 இல் இலண்டனில் புதுச்சேரி இருப்புப்பாதைக் கம்பெனி அமைக்கப்பட்டது. விழுப்புரத்திலிருந்து வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாகப் புதுச்சேரி வரை 1879 டிசம்பரில் வண்டி ஓடத் தொடங்கியது. மொத்தம் 38 கிலோமீட்டர் அளவுள்ள அப்பாதையில் பிரெஞ்சு மண்ணில் அமைந்த பகுதி 12 கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. ஏறத்தாழ 8 மைல்.

இந்த 8 மைலின் அமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். நிலம் பிரெஞ்சு நாட்டினது. கம்பெனி இலண்டனில் பதிவானது. வண்டியை ஓட்டியதோ தென்னிந்திய ரயில்வே. எஞ்சினும் பெட்டியும் அவர்களுடையவை. விழுப்புரத்திற்கு அப்பால் செல்லும் பாதை முழுவதும் அவர்களுடையது. அரசு ஒன்றுக்குக் கொடி இருந்தது. மற்றொன்றுக்கு விசை இருந்தது. கொடியைவிட விசை வலியது என்பதை அடுத்த அரை நூற்றாண்டு காட்டிற்று.

இருப்பினும் பயன் கிடைக்காமற் போகவில்லை. மல்லாட்டை மூட்டைகள் வண்டி வண்டியாக வந்து இறங்கின. மார்செய்க்குக் கப்பல்கள் சென்றன. நிலக்கடலை புதுச்சேரியின் முதன்மையான ஏற்றுமதிப் பொருளாயிற்று. தரகர்களும் கிடங்குக்காரர்களும் செழித்தனர். சுமைதூக்குவோருக்கும் படகோட்டிகளுக்கும் வேலை கிடைத்தது. 1877 இல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த லூர்து அன்னையின் திருவுருவம் வில்லியனூருக்குச் சாலை வழியாகவே கொண்டுசெல்லப்பட வேண்டியிருந்தது. இரண்டே ஆண்டுகளில் அதே ஊருக்குத் திருப்பயணிகள் புகைவண்டியில் வந்து இறங்கினார்கள். சரக்குக்காக இட்ட பாதையில் மக்களும் பயணம் செய்தார்கள். செய்திகளும் பயணம் செய்தன. 1908 இல் பாரதியார் ஆங்கிலேயரின் கைக்கு எட்டாத இடம் தேடி இந்நகருக்கு வந்தபோது, வணிகத்திற்குத் தடையாக இருந்த அந்த எல்லையே எழுத்துக்குப் புகலிடமாக அமைந்தது. ஒரே வேலி ஒருவனுக்குச் சிறையாகவும் மற்றொருவனுக்கு அரணாகவும் இருக்கக் கூடும்.

சென்னை விழுந்து எழுந்தது

போட்டியின் முடிவை நிர்ணயித்தது எது? பெரும்பாலும் முதலீடுதான். சென்னைத் துறைமுகத்தின் வேலை 1875 இல் கால்கொள்ளப்பட்டது. கடலுக்குள் இரண்டு கற்கரங்கள் கட்டப்பட்டு முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றைச் சிதைத்துவிட்டது. மற்றோர் அரசாயின் கைவிட்டிருக்கும். ஆனால் பரந்த நாடு ஒன்றின் வருவாயைப் பின்னே வைத்துக்கொண்டிருந்த ஆங்கிலேய அரசு மீண்டும் கட்டிற்று. 1896 அளவில் வேலை முடிந்தது. 1904 இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிசு ஸ்பிரிங், மணல் சேரும் பழைய வாயிலை மாற்றி வடகிழக்கில் புதிய வாயில் அமைத்து, கப்பல் நேரே வந்து அணையும் துறைகளையும் உருவாக்கினார். அன்று முதல் சென்னையில் சரக்கு கப்பலிலிருந்து நேரே இரயில் பெட்டிக்கு மாறியது. புதுச்சேரியிலோ அது இன்னும் படகேறி, அலை தாண்டி, பாலத்தில் தூக்கப்பட்டு வந்துகொண்டிருந்தது.

இங்கே ஒரு முரண் உள்ளது. சரக்கை உள்நாட்டிலிருந்து புதுச்சேரிக்கு ஈர்ப்பதற்காக இட்ட பாதையே, சென்னைத் துறைமுகம் மேம்பட்டபின், சரக்கைப் புதுச்சேரியிலிருந்து வெளியே ஈர்க்கவும் வழியாயிற்று. இருப்புப்பாதைக்குத் திசை கிடையாது. வலிய துறைமுகம் எங்கே இருக்கிறதோ அங்கே அது சாயும். முதல் உலகப்போர் கடல் வணிகத்தைக் குலைத்தது. மார்செய் நகரத்து ஆலைகளுக்குச் செனெகல் நாட்டு நிலக்கடலை இன்னும் அருகில் கிடைத்தது. செனெகலில் நிலக்கடலைக்காகவே டக்காருக்கும் செயின்ட் லூயி நகருக்கும் இடையே 1885 இல் இருப்புப்பாதை இடப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் நம் துணியை வாங்கிய நாடு, இப்போது நம் கடலைக்குப் போட்டி நாடாக மார்செய்ச் சந்தையில் நின்றது. இரண்டிற்கும் எசமானன் ஒருவனே.

காரைக்காலின் கதையும் இதனோடு ஒத்ததே. 1898 இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்குப் பாதை வந்தது. ஆனால் அருகிலேயே நாகப்பட்டினம் இருந்தது. 1980களில் அப்பாதையில் வண்டி ஓடுவது நின்றுபோயிற்று.

ஆலைத் தொழிலாளரின் நிலையையும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். அயல்நாட்டுச் சந்தையில் மலிவாக விற்க வேண்டும் என்பதன் சுமை கூலியின்மேல்தான் விழுந்தது. 1936 சூலை 30 அன்று உரிமை கேட்டு நின்ற ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் சுடப்பட்டு மாண்டனர். அவர்களுடைய குருதியின் விலையாகவே அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ரோடியர் ஆலை 2020 இல் நிரந்தரமாக மூடப்பட்டது.

சுங்கவேலியின் இறுதி நாட்கள்

இரண்டாம் உலகப்போரில் ஆளுநர் பொன்வேன் 1940 செப்டம்பரில் தெகோலின் விடுதலைப் பிரான்சோடு சேர்ந்துகொண்டார். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே அணியில் நின்ற அக்காலத்தில், 1941 இல், சுங்க ஒன்றியம் ஒன்று ஏற்பட்டது. நூறாண்டுக்கு மேலாகப் பிரிந்து கிடந்த சந்தைகள் சிலகாலம் ஒன்றாயின. இந்தியா விடுதலை பெற்றபின் 1949 இல் இவ்வொன்றியம் முடிவுக்கு வந்தது. மீண்டும் சுங்கவேலி எழுந்தது.

துண்டு துண்டாகக் கிடந்த நிலத்தைச் சுற்றி வேலி கட்டுவது எளிதன்று. அடுத்த ஐந்தாண்டுகள் கடத்தலின் பொற்காலமாயின. தங்கமும் வைரமும் கைக்கடிகாரங்களும் எல்லை தாண்டின. சிலர் திடீர்ச் செல்வரானார்கள். சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகும் கிழவியோ ஒவ்வொரு சாவடியிலும் கூடையை இறக்கிக் காட்ட வேண்டியிருந்தது. வேலி பெரிய திருடனைப் பிடிப்பது அரிது; சிறிய மனிதனைத் தடுத்து நிறுத்துவது எளிது. 1954 இன் முற்பகுதியில் இந்திய அரசு எல்லைக் கட்டுப்பாடுகளை மேலும் இறுக்கியது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் சார்பாளருள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16 அன்று அது சட்டப்படி நிறைவுற்றது. பழைய இரும்புப் பாலம் இதற்கு முன்னரே, 1952 ஆம் ஆண்டுப் புயலில் அழிந்துபோயிருந்தது.

அங்கே இன்றும் தொடரும் கதை

இப்போது ஆப்பிரிக்காவுக்குத் திரும்புவோம். புதுச்சேரியின் கதையை அறிந்தவனுக்கு அங்கு நடப்பவை புதிராகத் தோன்றா. காம்பியா என்னும் நாட்டை வரைபடத்தில் பாருங்கள். செனெகல் நாட்டின் வயிற்றுக்குள், ஓர் ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டி, ஒரு நாடா போலக் கிடக்கிறது. சுற்றிலும் பிரெஞ்சு ஆட்சி இருந்தபோது உள்ளே ஆங்கிலேய ஆட்சி நடந்தது. நம் ஊரின் நிலையைத் தலைகீழாகத் திருப்பியதுபோல் அது அமைந்தது. அங்கும் சுங்க வேறுபாடு, அங்கும் கடத்தல், அங்கும் நிலக்கடலை எல்லை தாண்டியது. செனெகலின் வடபகுதியிலிருந்து தென்பகுதிக்குச் செல்ல ஆற்றைத் தாண்ட வேண்டும். அல்லது நெடுந்தொலைவு சுற்றிப் போக வேண்டும். 1982 இல் இரு நாடுகளும் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. 1989 இல் அது கலைந்தது. 2016 இல் காம்பியா சரக்கு வண்டிகளுக்குக் கட்டணத்தை ஒரேயடியாகப் பன்மடங்கு உயர்த்தியபோது, செனெகல் வண்டியோட்டிகள் எல்லையை அடைத்தார்கள். அடைப்பு மாதக்கணக்கில் நீடித்தது. 2019 சனவரியில் அந்த ஆற்றின்மேல் பாலம் திறக்கப்பட்டது. எத்தனையோ ஒப்பந்தங்கள் செய்ய முடியாததை ஒரு பாலம் ஓரளவு செய்து முடித்தது.

மாலி நாட்டின் அனுபவம் இதனினும் கசப்பானது. டக்கார் துறைமுகத்தையும் பமாக்கோ நகரையும் இணைக்கும் நெடும்பாதையைப் பிரெஞ்சுக்காரர் 1920களில் இட்டு முடித்தனர். 1960 சூனில் செனெகலும் மாலியும் ஒரே கூட்டாட்சியாக விடுதலை பெற்றன, ஆகஸ்டிலேயே பிரிந்தன. பிரிவின் சினத்தில் மாலி இருப்புப்பாதையை எல்லையில் துண்டித்தது. 1963 வரை வண்டி ஓடவில்லை. கடற்கரையற்ற மாலி தன் சரக்கை ஐவரி கோஸ்டு நாட்டின் அபிஜான் வழியாகத் திருப்ப வேண்டியதாயிற்று. செனெகலுக்குச் சரக்கு வருவாய் போயிற்று. மாலிக்கு வழி நீண்டது. பாதையோரச் சிற்றூர்களில் வண்டி நிற்கும்போது பழம் விற்றுப் பிழைத்தவர்களின் இழப்பை எந்த அரசும் கணக்கெடுத்திராது.

கிழக்கே கென்யாவின் மொம்பாசா துறைமுகமும் தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகமும் உகாண்டா, ருவாண்டா சரக்குக்காகப் போட்டியிடுகின்றன. கென்யா 2017 இல் மொம்பாசாவிலிருந்து நைரோபிக்குப் புதிய இருப்புப்பாதையைத் திறந்தது. தான்சானியாவும் தன் பாதையை இட்டுவருகிறது. பெரும்பாலும் கடன் வாங்கியே இவை கட்டப்படுகின்றன. ஒரே சரக்கை நம்பி இரண்டு நாடுகள் கடன்படும்போது, போட்டியில் வெல்கிறவனும் வட்டி கட்ட வேண்டும். தோற்கிறவனும் வட்டி கட்ட வேண்டும். 2021 சனவரி முதல் ஆப்பிரிக்கக் கண்டத்துக்கான தடையற்ற வணிக ஒப்பந்தத்தின்கீழ் வணிகம் தொடங்கியிருப்பது நம்பிக்கை தரும் செய்தி. அது ஏட்டளவில் நின்றுவிடாமல் எல்லைச் சாவடியில் கூடையோடு நிற்கும் பெண்ணை எட்டுகிறதா என்பதே அதன் உண்மையான சோதனை.

எஞ்சும் பாடம்

இவ்வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளைத் தெளிவாகக் கொள்ளலாம். முதலாவது, பாதையை யார் இட்டார் என்பதைவிட, அதனை யார் இயக்குகிறார், கட்டணத்தை யார் குறிக்கிறார் என்பதே முக்கியம். பிரெஞ்சு மண்ணில் கிடந்த 8 மைல் இதற்குச் சான்று. இரண்டாவது, அண்டைச் சந்தையை மூடிவிட்டுத் தொலைச் சந்தையை நம்பும் தொழில் பிறர் தயவில் வாழும் தொழில். நம் நீலத் துணிக்கு நேர்ந்தது அதுவே. மூன்றாவது, இரண்டு அரசுகள் போட்டியிடும்போது இழப்பைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் பெயர் இடம்பெறாதவர்கள்: உப்பளக் கூலி, சலங்கோட்டி, கப்பலேறிய கூலி, ஆலைத் தொழிலாளி, எல்லையோர உழவன்.

இன்று விழுப்புரம் பாதை அகலப் பாதையாகிவிட்டது. வளவனூரைக் கடந்து வரும் பயணிக்கு எங்கே ஒரு நாடு முடிந்து மற்றொரு நாடு தொடங்கிற்று என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. இணைப்புக்குப்பின் கட்டப்பட்ட புதிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் கடலில் சரிந்து விழுந்தது. காரைக்கால் அருகே 2009 இல் செயல்படத் தொடங்கிய ஆழ்துறைமுகத்துக்கு எந்த அரசின் சுங்கவேலியும் இப்போது குறுக்கே நிற்கவில்லை. 2017 இல் புதுச்சேரித் துறைமுகத்தைத் தனக்குத் துணைத் துறைமுகமாகப் பயன்படுத்திக்கொள்ள உடன்படிக்கை செய்துகொண்டது வேறு எந்தத் துறைமுகமும் அன்று, சென்னைத் துறைமுகந்தான். 1746 இல் ஒன்றின்மேல் ஒன்று பீரங்கி திருப்பிய இரண்டு கரைகள், இருநூற்றெழுபது ஆண்டுகள் கழித்துச் சரக்கைப் பங்கிட்டுக்கொள்வது பற்றிப் பேச அமர்ந்தன. அத்தனை நீண்ட காலம் காத்திருக்காமலே டக்காரும் பமாக்கோவும், மொம்பாசாவும் தார் எஸ் சலாமும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தால், எல்லையோரத்து எளிய மக்களின் ஒரு தலைமுறையாவது பிழைத்துக்கொள்ளும்.